மூலமும் உரையும்: வீட்டுக்கல்விக்கு ஒரு வரலாற்று நூல்

அமெரிக்காவில் கட்டாயக் கல்விச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் மாசசூசெட்ஸ்; ஆண்டு 1852. கடைசியாக இயற்றியது மிசிசிப்பி, ஆண்டு 1918. எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குள் கொண்டுவர அந்நாட்டுக்கு அறுபத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதன்பின் இன்னோர் அறுபது ஆண்டுகள் கழிவதற்குள், பிள்ளைகளை மீண்டும் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் இயக்கம் அங்கே வேரூன்றிவிட்டது.

அவ்வியக்கத்திற்கு ஊற்றுகள் இரண்டு. பள்ளி என்னும் அமைப்பே குழந்தையின் இயல்பான கற்றலைக் கெடுக்கிறது என்று வாதிட்ட ஜான் ஹோல்ட், 1977இல் வீட்டுக்கல்விக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். அவருடைய வாதத்தில் சமயத்திற்கு இடமில்லை. மற்றோர் ஊற்று, பொதுப்பள்ளி தம் சமயத்தைக் கைவிட்டுவிட்டது எனக் கருதிய கிறித்தவக் குடும்பங்கள். 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டது. அரசுக் கணக்கெடுப்பின்படி 1999இல் ஏறத்தாழ 8.5 லட்சம் பிள்ளைகள் வீட்டில் பயின்றனர். 2016இல் அத்தொகை சுமார் 17 லட்சம். சமய, ஒழுக்கப் போதனையே முதன்மைக் காரணம் என்று 2003இல் கூறிய பெற்றோர் நூற்றுக்கு 30 பேர். 2016இல் சமயப் போதனையை முதன்மைக் காரணமாகச் சொன்னவர்கள் 16 பேர்தாம். ஆனால் 1970களிலிருந்தே கிறித்தவப் பதிப்பகங்கள் இச்சந்தையில் காலூன்றியிருந்தன. சமயம் கருதாது வீட்டுக்கல்விக்கு வந்த குடும்பங்கள், பிள்ளை உயர்நிலை வகுப்பை எட்டியதும், 'மதச்சார்பற்ற வரலாற்று நூல் எது?' என்று தேடத் தொடங்கியதன் பின்னணி இதுவே.

'மதச்சார்பின்மை' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் அரசைக் குறித்தே வழங்குகிறோம். அங்கோ அது ஒரு நூலின் பண்பைக் குறிக்கிறது. நூல் மதச்சார்பற்றதாக இருப்பது என்றால் என்ன என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம், சில கிறித்தவப் பள்ளிகளின் பாடங்களைத் தன் நுழைவுத் தகுதிக்குரியனவாக ஏற்க மறுத்தது. பள்ளிகள் 2005இல் வழக்குத் தொடுத்தன. மறுக்கப்பட்டவற்றுள் ஒன்று வரலாற்றுப் பாடம். அதன் நூலை வெளியிட்டது பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக அச்சகம். வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே நன்கு அறிமுகமான பதிப்பகம் அது. நூலை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கேரி நாஷ், நிகழ்ச்சிகளுக்கான காரணத்தை மனிதச் செயல்களில் தேடாமல் இறைவனின் திருவுளத்தில் அது தேடுகிறது என்றும், பெண்களுக்கும் பல இனக்குழுக்களுக்கும் பிற சமயத்தாருக்கும் உரிய இடம் தரவில்லை என்றும் கருத்துரைத்தார். 2008இல் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சமய நோக்கு கொண்ட வேறு பல பாடங்களை அதே பல்கலைக்கழகம் ஏற்றிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. நூலில் கடவுள் இடம்பெற்றதன்று குறை. காரணத்தைத் தேடும் இடம் பிழைத்ததே குறை.

அப்படியானால் கடவுளை நீக்கிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் அந்நாட்டு வரலாறே சான்று. 1920ஐ ஒட்டி, தென்மாநிலப் பெண்கள் சங்கம் ஒன்றின் வரலாற்றுப் பொறுப்பில் இருந்த மில்ட்ரெட் ரூதர்ஃபோர்ட், பள்ளி நூல்களை அளக்க ஓர் 'அளவுகோல்' வெளியிட்டார். அடிமைகளைக் காத்துக்கொள்ளவே தெற்கு போரிட்டது என்று சொல்லும் நூல்களை விலக்குக என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதில் வேதமும் இல்லை, திருவுளமும் இல்லை. ஆயினும் உண்மை திரிந்தது. 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட பிரிவினை அறிக்கையையும், அடுத்த மாதம் மிசிசிப்பி வெளியிட்டதையும் ஒரு மாணவன் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். தப்பியோடிய அடிமைகளை வடமாநிலங்கள் திருப்பித் தரவில்லை என்பது முன்னதன் முறையீடு. தன் நிலையே அடிமைமுறையோடு பிணைந்தது என்பது பின்னதன் ஒப்புதல். இவ்விரண்டையும் மாணவன் கையில் தந்துவிட்டால் ரூதர்ஃபோர்டின் அளவுகோல் முறிந்துபோகும்.

மறுபுறம், சமயத்தையே துடைத்தெறிந்த நூலும் வரலாற்று நூலாகாது. அடிமைமுறையை எதிர்த்தவரும் ஆதரித்தவரும் ஒரே விவிலியத்தை மேற்கோள் காட்டினர். அடிமை உடையவர் சமயப் பணியாளராகலாமா என்ற பூசலில் பாப்டிஸ்டுகள் பிளவுபட, 1845இல் தெற்குப் பாப்டிஸ்ட் பேரவை பிறந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், அப்பேரவை அடிமைமுறைக்காக மன்னிப்புக் கோரியது. மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர் என்பதை மறைத்து அவர் நடத்திய இயக்கத்தை விளக்க இயலாது. பொதுப்பள்ளிகளில் வழிபாடாக விவிலியம் ஓதுவதைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, சமயத்தைப் பாடப்பொருளாகப் பயில்வதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

தமிழ் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒன்று எளிதில் விளங்கும். நம் உரையாசிரியர்கள் மூலத்தை முன்வைத்த பின்னரே பொருள் சொல்வர். மணக்குடவரும் பரிமேலழகரும் ஒரே குறளுக்கு வேறுவேறு பொருள் கொள்ளும் இடங்கள் பல. மூலம் நம் கண்முன் இருப்பதால், இருவரோடும் உடன்படவும் மாறுபடவும் நம்மால் முடிகிறது. வரலாற்றுப் பாடநூலும் ஓர் உரையே. மூலம் இல்லாத உரை, எவ்வளவு நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டதாயினும், மாணவனை நம்பச் சொல்கிறதே தவிரச் சிந்திக்கச் சொல்வதில்லை. மதச்சார்பற்ற குடும்பங்கள் பல விரும்பும் ஹாவர்ட் ஜின்னின் 1980ஆம் ஆண்டு மக்கள் வரலாற்றையும், ஐயத்திற்கு இடம்தராத அதன் உறுதிக்காகச் சாம் வைன்பர்க் குறைகூறியதை இங்கு நினைக்கலாம்.

அவ்வைன்பர்க் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய குழு உருவாக்கிய பாடங்களுள் ஒன்று, ஜான் ஸ்மித்தைப் பொகஹொண்டாஸ் காப்பாற்றிய கதை பற்றியது. 1608இல் வெளிவந்த ஸ்மித்தின் நூலில் அந்நிகழ்ச்சி இல்லை. 1624இல் வெளிவந்த நூலில் இருக்கிறது. இடையே 1617இல் அப்பெண் இறந்துவிட்டார். இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்து, எதை நம்புவாய், ஏன் என்று மாணவனைக் கேட்கிறது அப்பாடம். விடை எதுவாயினும் அவன் ஆராய்ந்து பெற்றதாக இருக்கும்.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2014இல் வெளியிட்ட அமெரிக்க வரலாறும், பல வரலாற்றாசிரியர்கள் கூடி எழுதிய 'அமெரிக்கன் யாப்' நூலும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பின்னதற்கு மூல ஆவணங்களின் துணைத்தொகுப்பு ஒன்றும் உண்டு. அதனாலேயே அதை நாம் முன்வைக்கிறோம்.

பள்ளி மாணவனுக்கு ஓர் ஆசிரியர் தவறினால் இன்னோர் ஆசிரியர் உண்டு. எதிர்த்துப் பேச ஒரு தோழனாவது உண்டு. வீட்டில் பயிலும் பிள்ளைக்கோ, நூலைத் தேர்பவரும் கற்பிப்பவரும் மதிப்பெண் இடுபவரும் பெரும்பாலும் ஒருவரே. அவர் நம்பும் நூலை மறுத்துச் சொல்ல அவ்வீட்டில் ஒரு குரல் வேண்டுமானால், அது மூல ஆவணத்தின் குரலாக மட்டுமே இருக்க இயலும். ஆகவே நூல் வாங்கும் பெற்றோர் முகப்பில் 'மதச்சார்பற்றது' என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்ப்பதோடு நில்லாமல், போரின் காரணத்தைக் கூறும் அத்தியாயத்தைப் பிரித்து, அதில் மூலம் இருக்கிறதா என்று பார்ப்பாராக.