எமன் வரும் நேரம்

சிறுமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில், அம்மன் திருவிழாவுக்குச் 'சத்தியவான் சாவித்திரி' நாடகம் போட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. சித்தி வாயும் வயிறுமாக இருந்தாள். நடுச்சாமம் தாண்டியதும் பாட்டி, "எமன் வர்ற நேரமாச்சு, எந்திரி தாயி" என்று அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

அரிதாரம் பூசிய மனிதனுக்கு அத்தனை பயமா என்று அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. சரித்திரம் படித்த பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இளமையில் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷம் கட்டியவர். ஒருநாள் ஆட்டம் முடிந்து, சனீஸ்வர வேஷம் கலையாமலே விடியற்காலையில் குளிக்கப் போனாராம். எதிரே வந்த கர்ப்பிணி ஒருத்தி அவரைக் கண்டு அலறி விழுந்து, உயிரையும் விட்டாள் என்று நாடக உலகில் ஒரு வரலாறு வழங்குகிறது. அந்த வேதனையில் சுவாமிகள் நடிப்பையே துறந்தார் என்பார்கள். பிறகு அவர் நாடகங்களை எழுதினார். 1918இல் மதுரையில் பால சபை தொடங்கிச் சிறுவர்களைப் பழக்கினார்.

இதே கதை ஏதென்ஸ் நகரத்திலும் உண்டு என்றால் நம்புவீர்களா? கி.மு. 458இல் எஸ்கிலஸ் என்ற கவி, தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸைத் துரத்தும் பழிதெய்வங்களை மேடையேற்றினார். அவற்றைப் பார்த்துக் குழந்தைகள் மூர்ச்சையாயின, கர்ப்பிணிகளுக்குக் கரு கலைந்தது என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்லுகிறது.

நடந்ததோ, இல்லையோ, தெய்வத்தைப் பாத்திரமாக்கினால் அது பாத்திரமாக மட்டும் நிற்பதில்லை என்ற அச்சம் இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் அந்த நாடகம் பயத்தோடு முடியவில்லை. வழக்கில் தோற்று, நாட்டையே பாழாக்குவோம் என்று சீறிய அந்தத் தெய்வங்களை அதீனா தேவி நயமாகப் பேசித் தணிக்கிறாள். ஊரைக் காக்கும் தெய்வங்களாக அவை அங்கேயே குடியேறுகின்றன. நம் மேடையிலோ எமனைப் பேச்சால் வெல்கிறவள் தேவியல்ல. தாலிக்குப் போராடும் ஒரு மானிடப் பெண்.

மேடை எமனுக்குப் பதில் சொல்லச் சாவித்திரி இருக்கிறாள். விடியற்காலைப் பாதையில் சனீஸ்வரனைக் கண்ட அந்த ஏழைக்கு யார் இருந்தார்கள்? கதையை விட்டுத் தனியே இறங்கி வந்த தெய்வந்தான் அவளைக் கொன்றது.

சித்தியும் அன்று பாதிக் கதையோடுதான் வீடு திரும்பினாள். எமன் தோற்றுப்போனதை மறுநாள் காலையில் நான்தான் அவளுக்குச் சொன்னேன்.