அடைத்த கதவும் திறந்த சாளரமும்

சமயத்தையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளப் பிறரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பார் ஒரு சாரார். காலத்தோடு இயைந்து செல்லப் பழையன அனைத்தையும் உதறிவிட வேண்டும் என்பார் மற்றொரு சாரார். நம் சமுதாயத்தில் நெடுநாளாக நடந்துவரும் இவ்வழக்கில் ஜப்பானின் வரலாற்றைச் சாட்சிக்கு அழைப்பது பயனுடையதாகும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கதவடைத்து வாழ்ந்து, பின்னர் ஒரே தலைமுறையில் உலக அரங்கிற்கு வந்த நாடு அது.

1600-இல் செகிகஹாராப் போரில் வென்ற டோகுகவா இயேயசு, 1603-இல் ஷோகுன் என்னும் படைத்தலைமைப் பட்டத்தைப் பெற்றார். பேரரசர் கியோட்டோவில் பெயரளவில் வீற்றிருக்க, ஆட்சி எடோ நகருக்குச் சென்றது. அதுவே இன்றைய டோக்கியோ. நாடு சுமார் 260 டைமியோக்களின், அதாவது சிற்றரசர்களின் கையில் இருந்தது. சாமுராய் என்னும் போர்வீரர் மேலிடத்திலும், உழவர், கைவினைஞர், வணிகர் அவருக்குக் கீழும் வைக்கப்பட்டனர். சிற்றரசர் ஓராண்டு எடோவிலும் மறு ஆண்டு தம் நாட்டிலும் வாழ வேண்டும். மனைவி மக்கள் எடோவிலேயே பிணையாக இருக்க வேண்டும் என்ற விதி 1635-இல் உறுதி செய்யப்பட்டது. இந்தப் போக்குவரத்தின் செலவே பலருடைய கருவூலத்தைக் கரைத்தது. அரிசியைப் படியாகப் பெற்ற போர்வீரர், தாழ்ந்தவர் எனக் கருதப்பட்ட வணிகரிடமே கடன்பட்டனர்.

கதவடைப்பிற்குக் காரணம் அச்சம். போர்த்துகீசியர், ஸ்பானியர் ஆகியோரின் வணிகத்தோடு வந்த கிறித்தவ சமயப் பிரசாரத்தின் பின்னே படையும் வருமோ என ஆட்சியாளர் ஐயுற்றனர். ஜப்பானியர் வெளிநாடு செல்வது 1635-இல் தடுக்கப்பட்டது. மீறித் திரும்புவோர்க்கு மரண தண்டனை. 1637-38-இல் ஷிமபாரா உழவர் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1639-இல் போர்த்துகீசியர் விலக்கப்பட்டனர். 1641 முதல் டச்சு வணிகர் மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் அடைத்து வைக்கப்பட்டனர். சீன வணிகரும் நாகசாகிக்கு வந்தனர். கொரியாவுடன் சுஷிமாத் தீவின் வழியே தொடர்பு நீடித்தது. ஆகவே கதவு அடைபட்டிருந்தும் சாளரம் திறந்தே இருந்தது.

அச்சாளரத்தின் வழியே நுழைந்தது நூல். கிறித்தவ சமயம் சாராத அயல்நாட்டு நூல்களின் மீதிருந்த தடை 1720-இல் தளர்த்தப்பட்டது. 1771-இல் சுகிதா கென்பாக்கு, மாயெனோ ரியோட்டாக்கு முதலிய மருத்துவர்கள், தண்டிக்கப்பட்ட ஒருவரின் உடல் அறுக்கப்படுவதை டச்சு உடற்கூற்று நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்டனர். நூலின் படங்கள் உடலோடு ஒத்திருந்தன. தாம் கற்ற பழைய சீனப் படங்களோ ஒத்திருக்கவில்லை. தக்க அகராதி ஒன்றும் இல்லாத நிலையில், சொல் சொல்லாகப் பொருள் தேடி, 1774-இல் அந்நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பை வெளியிட்டனர்.

இதனைப் படிக்கும்போது நமக்கு பக்தாது நினைவிற்கு வருகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கிறித்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் நூல்களைத் தேடி, பல படிகளை ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே மொழிபெயர்த்தார். கலீஃபாக்கள் அவரை ஆதரித்தனர். அந்த அறிவால் அவர்களுடைய ஈமான் குறைந்துவிடவில்லை.

பொதுமக்களின் பிள்ளைகள் தெராகோயா என்னும் சிறு பள்ளிகளில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்றனர். பௌத்தக் கோயில்களில் தோன்றியதால் அமைந்த பெயர் அது. நம் பள்ளிவாசல் மக்தபுகளை ஒத்தது எனலாம்.

1853-இல் அமெரிக்கத் தளபதி பெரி நான்கு கப்பல்களுடன் எடோ விரிகுடாவிற்கு வந்தார். 1858-இல் ஏற்பட்ட ஒப்பந்தங்களால் அந்நியர்மீது ஜப்பானிய நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லாமற் போயிற்று. சுங்கவரி விதிக்கும் உரிமையும் பறிபோயிற்று. உதுமானியரும் எகிப்தியரும் பட்ட அதே அவமானம் இது. கதவடைப்பு நாட்டைக் காக்கவில்லை. ஆனால் உள்ளே கற்றிருந்தவர்கள் காத்தனர். 1868-இல் ஷோகுன் ஆட்சி ஒழிந்து மெய்ஜி ஆட்சி அமைந்தபோது, உலகெங்கும் அறிவைத் தேடுவது அரச உறுதிமொழியாயிற்று. 1871-இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. அவ்வாண்டே இவாகுரா தலைமையில் அமைச்சர்களே மாணவராகி, 1873 வரை அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிக் கற்றனர். 1872-இல் கல்விச் சட்டமும் முதல் இரயில் பாதையும் வந்தன. 1876-இல் போர்வீரர் வாள் தரிக்கும் உரிமையை இழந்தனர். மறு ஆண்டு சத்சுமாவில் அவர்கள் எழுப்பிய கிளர்ச்சி, உழவர் மக்களையும் சேர்த்துத் திரட்டிய புதிய படையிடம் தோற்றது. அந்நியரின் நீதிமன்றச் சலுகையை ஒழிக்கும் ஒப்பந்தம் 1894-இல் கையெழுத்தாயிற்று.

இவ்வெழுச்சியைக் கண்டு வியந்த எகிப்தின் முஸ்தஃபா காமில், 1904-இல் ‘அஷ்ஷம்ஸுல் முஷ்ரிகா’ என்ற அரபு நூலை எழுதினார். ‘ஒளிரும் கதிரவன்’ என்பது அதன் பொருள். 1905-இல் ஜப்பான் ரஷ்யாவை வென்றபோது ஆசியாவே நிமிர்ந்தது. ஆயினும் 1910-இல் அதே ஜப்பான் கொரியாவை விழுங்கியது. தான் அனுபவித்த இழிவை அண்டை நாட்டின்மீது சுமத்தியது. அப்பாதை 1945-இன் பேரழிவில் சென்று முடிந்தது.

ஆகவே நாம் பெறும் பாடம் இரண்டு. கதவை அடைப்பதும் திறப்பதும் அன்று, உள்ளிருப்போர் கற்றிருப்பதே ஒரு சமுதாயத்தைக் காக்கும். கற்ற கல்வியோடு நீதி சேரவில்லையெனில் அக்கல்வியே அதனை அழிக்கும். நம் மக்தபுகளில் குர்ஆனோடு கணக்கும் மொழியும் அறிவியலும் அமர இடம் தருவோமாக. அவற்றிற்கு நீதியைக் கற்பிக்கும் பொறுப்பு குர்ஆனை ஓதும் நம்முடையது.