போர் என்றால் எந்தப் போர்?

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று ‘அப்பா இருக்காரா?’ என்று கேட்டால், ‘போருக்குப் போயிருக்காரு’ என்று பதில் வரலாம். வெளியூர்க்காரருக்கு அது சங்கப் பாட்டு மாதிரி கேட்கும். அப்பா கையில் வாள் எல்லாம் கிடையாது. வயலில் போட்டிருக்கும் குழாய்க் கிணற்றில் மோட்டாரை ஓட விடப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே ஊரில் வைக்கோல் போர் உண்டு. மத்தியானம் கரண்ட் போனால் பிள்ளைகளுக்குப் ‘போரடிக்கும்’. சோழர் சேரரோடு செய்த போர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும். ஒரே பெயரில் ரெண்டு வேரியபிள் வைத்தால் கம்பைலர் உடனே கத்தும். மொழி கத்தாது. பேசுகிறவர்களே இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடும்.

ஆங்கிலத்தில் ‘போர்’ என்பதே ஒற்றைச் சொல் இல்லை. துளையிடுவது என்ற பொருளில் வருவது பழைய ஆங்கிலக் காலத்திலிருந்து இருக்கிறது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்துக்கும் குழாய்க் கிணற்றுக்கும் அந்த வழியில்தான் பெயர் வந்தது. சலிப்பு என்ற பொருள் ரொம்பப் பிந்தியது. 1760களில் இங்கிலாந்து மேல்தட்டுக்காரர்களின் கடிதங்களில் தலைகாட்டுகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு: கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் அலைச்சுவர். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் அதைப் பார்க்கலாம். இது பெரும்பாலும் பழைய நார்ஸ் மொழியில் அலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள்.

நம் பக்கமும் கதை சிக்கல்தான். சண்டைக்கும் போர், வைக்கோல் குவியலுக்கும் போர். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்ப்பது தமிழில் பழைய பழக்கம். நெல் அடிக்கிற இடமும் களம், படைகள் மோதுகிற இடமும் களம். அரசனை உழவனாகவும் போர்க்களத்தை நெற்களமாகவும் வைத்துப் பாடுவதற்கு இலக்கணத்தில் மறக்களவழி என்று தனித் துறையே இருக்கிறது. சோழன் கோச்செங்கணான் சேரனை வென்றதைப் பாடும் நூலின் பெயரே களவழி நாற்பது.

இதில் ஒரு வேடிக்கை. சலிப்பைச் சொல்ல நாம் இன்று வைத்திருக்கும் ரெண்டு சொல்லுமே அறுவடைக் காலத்துச் சொல் மாதிரி ஒலிக்கின்றன. பேசிக் கொல்பவனை ‘சரியான அறுவை’ என்கிறோம். அறுவடையும் அதே ‘அறு’தான். ‘போரடிக்குது’ என்பது ஆங்கிலப் ‘போர்’ மேல் ‘அடி’யைச் சேர்த்தது, காப்பி அடிப்பது, சைட் அடிப்பது போல. ஆனால் டெல்டாவில் போரடித்தல் என்ற வேலை அதற்கு ரொம்ப முன்பே இருந்தது. அறுத்த தாளைக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து முதலில் கையால் ஓங்கி அடிப்பார்கள். அப்படியும் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்லை உதிர்க்க, வைக்கோலைப் பரப்பி மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். அதுதான் போரடித்தல். மிஞ்சும் வைக்கோலை அடுக்கினால் அது வைக்கோல் போர்.

இந்தப் பழைய போரில் ஒரு விஷயம் முக்கியம். எல்லாமே தரைக்கு மேலே நடந்தது. நெல் குவிந்ததும் மரக்கால் வந்துவிடும். நிலத்துக்காரர், குத்தகைக்காரர், பண்ணையாள், ஊருக்கு வேலை செய்யும் வண்ணார், நாவிதர் என்று ஒவ்வொருவர் பங்கும் களத்திலேயே அளக்கப்பட்டது. அது நியாயமான அளவு இல்லை. நிலமில்லாதவருக்குக் கிடைத்தது கொஞ்சம். அதிலும் சாதி பார்த்தார்கள். ஆனால் அநியாயம் எவ்வளவு என்பது எல்லார் கண்ணிலும் பட்டது. குவியல் எவ்வளவு பெரியது, தனக்கு விழுந்தது எத்தனை மரக்கால் என்று கூலியாளுக்குத் தெரியும். அதனால் அதற்காகச் சண்டை போட முடிந்தது. 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டதை ஒட்டி எழுந்த மோதலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். நெற்களத்தின் கணக்கு அங்கே நிஜப் போர்க்களத்தின் கணக்காகவே ஆனது.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் இன்னொரு போர் டெல்டாவுக்குள் இறங்கியது. 1960ல் நாட்டில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1965ல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலக் குறுவை ரகம் வந்தது. குறுவைக்கு நேரம் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று தயாராக இருந்தால்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்கு முன் அறுக்க முடியும். அதற்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். பழைய டெல்டாவின் வண்டல் மண்ணில் அது அதிக ஆழத்தில் இல்லை. ஃபில்டர் பாயிண்ட் இறக்கினார்கள், பம்புசெட் வைத்தார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஆற்றுக்குத் துணையாக வந்த போர், ஆறு வராத வருஷங்களில் ஆற்றுக்குப் பதிலாகவே நின்றது. 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட மேட்டூர் ஜூன் 12ல் திறக்கவில்லை. அந்த வருஷங்களில் குறுவை போட்டவர்களில் பெரும்பாலோர் போர் வைத்திருந்தவர்கள்.

வாய்க்கால் தண்ணீரும் களத்து நெல் மாதிரிதான், கண்ணுக்குத் தெரியும். மேல்மடைக்காரர் மதகை அடைத்தால் கீழ்மடைக்காரர் மண்வெட்டியோடு வந்துவிடுவார். தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். வாய்க்கால் தூர்ந்தால் குடிமராமத்து என்று ஊரே இறங்கவேண்டும். போருக்கு முறை கிடையாது. ஆழமாக இறக்க யாரிடம் காசு இருக்கிறதோ, யாரிடம் பெரிய மோட்டார் இருக்கிறதோ அவருக்குத் தண்ணீர் வரும். பக்கத்து வயலின் நீர்மட்டம் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றுக்காக மண்வெட்டி தூக்கவும் முடியாது.

அப்படிப் பார்க்காத தண்ணீரை ஒருநாள் கோர்ட்டு எண்ணியது. காவிரி வழக்கில் 2007ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி என்று சொன்னது. டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதில் 10 டிஎம்சியைச் சேர்த்துக்கொண்டது. பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கு இன்னொரு 4.75 டிஎம்சியையும் சேர்த்து, தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. கர்நாடகம் திறந்துவிட வேண்டிய நீர் 192லிருந்து 177.25 ஆனது.

காகிதத்தில் இது எளிய கழித்தல். ஆனால் அந்த 10 டிஎம்சி எல்லார் காலடியிலும் சமமாகக் கிடக்கவில்லை. பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடைமடையில் பல இடங்களில் உப்புத்தான் வரும். காவிரிக்கு ஹூக்ளி மாதிரி அலைச்சுவர் கிடையாது. இங்கே கடல் சத்தம் போடாமல் நிலத்துக்கு அடியில் உள்ளே வருகிறது. மேலே ஆற்று நீர் குறைந்து, கீழே உறிஞ்சுவது கூடக்கூட, அது இன்னும் கொஞ்சம் நகரும். மேல்மடைக்காரரின் போரைக் கணக்குக் காட்டி ஆற்று நீரைக் குறைத்தால், ஆற்றை மட்டுமே நம்பியிருக்கும் கடைமடைக்காரருக்கும் சேர்த்துத்தான் குறைகிறது. அவரிடம் பதிலுக்கு ஒரு போர் இல்லை.

டெல்டாவில் எல்லாத் துளையும் தண்ணீருக்காகவும் போடப்படவில்லை. எண்ணெய்க்காகவும் எரிவாயுவுக்காகவும் போட்டார்கள். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010ல் ஒப்பந்தமானது. அந்த முறையில் வாயு வெளிவர வேண்டுமானால் முதலில் படுகையில் இருக்கும் நீரை வெளியேற்றவேண்டும். குறுவை நாற்றுக்கு நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊருக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கிராமம் கிராமமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். மீத்தேன் திட்டம் நின்றது. 2017ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊர் மறுபடி தெருவுக்கு வந்தது. 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதிய ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை.

இங்கேதான் ஆங்கிலப் போரும் தமிழ்ப் போரும் நேருக்கு நேர் நின்றன. ஒரு பக்கம் துளை, இன்னொரு பக்கம் போராட்டம். சொல்வேர்ப்படி ரெண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். மற்றது தற்செயல் இல்லை. மண்ணின் விளைச்சலை யார் அளப்பது, யாருக்கு எவ்வளவு என்ற களத்துக் கேள்விதான் இப்போது மண்ணுக்கு அடியில் போயிருக்கிறது. மீத்தேன் விஷயத்தில் ஊர் சேர்ந்து நிற்க முடிந்ததற்குக் காரணம், எதிரில் நின்றது வெளி ஆள், தெரிகிற எந்திரம். நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் போரில் எதிரி என்று கைகாட்ட ஆள் இல்லை. அதனால்தான் அதைப் பற்றிய பேச்சு மூன்றாவது அர்த்தத்தில் போய் முடிகிறது. நிலத்தடி நீர்மட்டம் என்று ஆரம்பித்தாலே ‘செம போர்’ என்று ரீல்ஸைத் தள்ளிவிடுகிறோம்.

இன்று அறுவடை மெஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது. வைக்கோலை இன்னொரு மெஷின் உருண்டையாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. வைக்கோல் போர் போடத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். இன்னும் கொஞ்ச வருஷத்தில் டெல்டாப் பிள்ளைகளுக்குப் போர் என்றால் குழாய் மட்டும்தான் ஞாபகம் வரும். பழைய போரின் அளவு அதன் நிழலைப் பார்த்தாலே தெரிந்தது. இந்தப் போரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், மோட்டார் காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை பதில் வராது.