மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்கள்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. எங்கிருந்தோ வந்துசேர்ந்த கொஞ்சப் பெற்றோலுக்கு மருந்தின் மதிப்பு இருந்தது. அந்த நாட்களில் வாடகைக் காரைக் கிளப்புவதற்கென்றே ஒரு முறை உண்டு. பொனற்றைத் திறந்து, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறும்வரை இன்னும் சில துளிகள் போகும். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கண்ணெரிய வைக்கும் புகையோடு கார் புறப்படும். அப்படி ஓடியவற்றில் ஊர் நினைவில் அழுத்தமாகப் பதிந்தவை ஒஸ்ரின் ஏ40 சோமசெற், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை. சோமசெற் இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரான கார். நாற்பது வயதை எட்டிய வண்டிகள்தான் காயப்பட்டவரையும், பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணையும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தன.

இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அதன் வாலில் ஒரு முடிவும் ஒட்டிக்கொண்டு வருகிறது: அந்தக் காலத்து இரும்பு வேறு, அந்தக் காலத்து வேலை வேறு, இப்போது வரும் கார்கள் தகரப் பேணிகள். கேட்க நன்றாக இருக்கும் இந்த முடிவு பிழையானது என்பதே என் கருத்து. ஏ40 நாற்பது ஆண்டு ஓடியது உண்மை. ஆனால் அந்த ஆயுளில் பெரும்பகுதி பேர்மிங்ஹாம் அருகே லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டதல்ல. யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டப்பட்டது. பழுதின்றி எவ்வளவு தூரம் ஓடும் என்பது ஒரு கேள்வி. பழுதானபின் எத்தனை முறை எழுப்பி நிறுத்தலாம் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ‘ஆயுள்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் பழையதா புதியதா என்ற வாதம் முடிவில்லாமல் நீள்கிறது.

முதற் கேள்வியில் பழைய கார் தோற்றுப்போகும், அதுவும் படுதோல்வி. மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார் 16 இலட்சத்துக்கும் மேல் தயாரானது. பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது இதுதான். அதன் முன்சக்கரங்களைத் தாங்கும் மரையிட்ட மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் வண்டிக்கடியில் மடிந்து விழுந்துவிடும். பற்றவைப்புப் பொயின்ற்றுகளைச் சுரண்டி இடைவெளி பார்ப்பதும், பிளக் துடைப்பதும், வால்வு இடைவெளியைச் சரிசெய்வதும் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை வரும் வேலைகள். சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டுவது அன்று சாதாரணப் பராமரிப்பு. ஐம்பது அறுபதாயிரம் மைல் ஓடியபின் சிலிண்டரைப் ‘போர்’ பண்ணிப் பெரிய பிஸ்ரன் போடுவதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. அக்காலக் கார்கள் பலவற்றின் மைல்மானியில் ஐந்து இலக்கங்களே இருந்தன; 99,999ஐத் தாண்டினால் மீண்டும் சுழியம். இலட்சம் மைலை அன்று வழக்கமான ஓட்டமாக எவரும் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு அந்த ஐந்து இலக்கங்களே சாட்சி.

இன்று ஒரு சாதாரண யப்பான் கார் எஞ்சின் திறக்கப்படாமலே இலட்சம் மைலைக் கடக்கிறது. மந்திரம் ஒன்றுமில்லை, சின்னச் சின்னத் திருத்தங்கள் பல ஒன்றுசேர்ந்ததன் விளைவு இது. காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பிய பழைய எஞ்சினுக்குள் அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் போய், சிலிண்டர் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உராயும். இலத்திரனியல் முறையில் அளந்து தெளிக்கும் எரிபொருள் அந்தத் தேய்மானத்தைப் பெருமளவு குறைத்தது. ஈயம் நீங்கிய பெற்றோலால் பிளக்கும் புகைக்குழாயும் நீண்டு உழைக்கின்றன. சூட்டிலும் குளிரிலும் தன்மை மாறாத ஒயில், நுண்ணிய அளவில் கடைந்த சிலிண்டர்கள், துத்தநாகம் பூசிய உடல் தகடுகள் என்று ஒவ்வொன்றும் சில ஆண்டுகளைக் கூட்டின. அமெரிக்காவில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 2024இல் 12.6 ஆண்டைத் தொட்டது. கார்கள் விரைவில் சாகும்படி செய்யப்படுகின்றன என்பது உண்மையானால் இந்த எண் ஏறியிருக்க வழியில்லை.

‘ஆனால் அந்த இரும்பு?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தகடு தடிப்பாக இருந்தது மெய்தான். தடிப்பு வேறு, காப்பு வேறு. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் 1959ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் எயர் காரையும் 2009ஆம் ஆண்டு செவ்ரோலே மலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது. பழையதில் ஓட்டுநரின் இருக்கைப் பகுதியே நொறுங்கியது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார். புதியதன் முன்பக்கம் மடிந்து அடியை வாங்கிக்கொள்ள, உள்ளறை நிலைத்து நின்றது. இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் கண்ணில் படும் பழைய கார்கள் எஞ்சியவை மட்டுமே. துருப்பிடித்து, உடைத்து, உருக்கப்பட்ட இலட்சக்கணக்கானவற்றை நாம் காண்பதில்லை. சோமசெற் மட்டும் ஏறக்குறைய 1,73,000 தயாரானது. எண்பது வயதுக் கிழவர் ஒருவரைப் பார்த்து அந்தக் காலத்தில் எல்லோரும் எண்பது வயது வாழ்ந்தார்கள் என்று எவரும் சொல்லமாட்டார். கார் விடயத்தில் மட்டும் அந்தத் தவறைத் தயங்காமல் செய்கிறோம்.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு எஞ்சின? விடையின் பாதி கொழும்பில் எழுதப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி வற்றத் தொடங்க, அரசு கார் இறக்குமதியை இறுக்கிப் பூட்டியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், நாட்டில் ஏற்கனவே இருந்த வாகனங்களே நாட்டின் வாகனங்கள். புதியது வராத ஊரில் பழையதை எறிய முடியாது. கூலி மலிவு, காரோ விலைமதிப்பற்றது. எனவே ஒரு பிஸ்ரனுக்காக ஒரு நாள் முழுவதும் கடைசல் பட்டறையில் நிற்பது நட்டமாகத் தெரியவில்லை. தெற்கில் 1977க்குப் பின் யப்பான் வாகனங்கள் வந்து பழையவற்றை மெல்ல ஓரங்கட்டின. வடக்கில் அந்த மாற்றம் நிறைவேறுமுன் போர் வந்து கதவை மறுபடி அடைத்தது. பூமியின் மறுபக்கத்தில் கியூபாவிலும் இதே கதைதான். 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கக் கார்களின் வரவு நின்றுபோக, செவ்ரோலேக்களின் வயிற்றுக்குள் சோவியத் எஞ்சின்கள் குடியேறி இன்றும் ஓடுகின்றன. இரு தீவுகளிலும் பொதுவாக இருந்தவை மூடிய துறைமுகமும் திறந்த பட்டறையும்.

விடையின் மறுபாதி யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் கிடக்கிறது. ஆறில்லாத நிலம் அது. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் கிணற்று நீரை நம்பியவை. துலா மிதித்து இறைத்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. பெற்றோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுபவை அவை. இங்கிலாந்தின் ஃபேர்குசன் உழவு இயந்திரங்களிலும் 1949 முதல் இப்படி ஒரு வகை இருந்தது. ஆகவே தடை வந்தபோது யாழ்ப்பாணத்து மெக்கானிக் வெறுங்கையோடு நிற்கவில்லை. தோட்டத்தில் பல ஆண்டுகள் பழகிய வித்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாகாது, அதனால்தான் எஞ்சினை முதலில் சூடாக்க வேண்டும். அழுத்தம் கூடினால் அது நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனை இடிக்கும். ஏ40இன் 1,200 சிசி எஞ்சினில் அழுத்த விகிதம் ஏழுக்குச் சற்றே மேல் என்பதால் இடி தாங்கக்கூடியதாக இருந்தது. அப்படியும் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் பெயரிங்கைத் தின்னும். கரி அடுக்கடுக்காகப் படியும். ஆகவே எஞ்சின்கள் அடிக்கடி திறக்கப்பட்டன, சுரண்டப்பட்டன, மீண்டும் மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க் காலத்து ஏ40 நொந்துகொண்டேதான் ஓடியது. ஒவ்வொரு நோவுக்கும் பக்கத்துத் தெருவில் மருந்து இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். திறக்க முடிந்தது, சுரண்ட முடிந்தது என்றால் அதுவும் அந்தக் காரின் குணம்தானே, பட்டறைக்கு மட்டும் பெருமையை ஏன் கொடுக்கிறாய்? ஒப்புக்கொள்கிறேன். பழைய காரின் உண்மையான மேன்மை அதுவே, இரும்பு அல்ல. சில திறப்புச் சாவிகளும் ஒரு மனிதரின் கண்ணும் காதும் போதும் என்ற அளவில் அதன் பொறி வெளிப்படையாக இருந்தது. உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது என்ன வேலை செய்தது என்று தெரியும். தெரிந்தால் இன்னொன்று கடைந்துவிடலாம். இதை ஒரு பொருளாதாரக் கொள்கையாகவே வளர்த்தவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர். காரைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுவதைவிட ஒரே காரைப் பாகம் பாகமாகப் புதுப்பித்து வைத்திருப்பதே சிக்கனம் என்பது அவர் வாதம். 1990களில் அந்த வாதம் அவரை இலங்கைக்கே அழைத்துவந்தது. தென்னிலங்கையில் கூட்டு முயற்சியாக மொறிஸ் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. காரைப் பெற்ற நாடு தன் காருக்கான தகட்டை, அதை எறிய வழியில்லாமல் காத்துவந்த நாட்டிடம் வாங்கியது. வடக்கில் தடையும் தெற்கில் ஏற்றுமதியும் ஒரே பத்தாண்டில் ஒரே வகைக் கைத்திறனில் நின்றன என்பது இலங்கை வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

புதிய காரின் பலவீனமும் இதே இடத்தில்தான் தெரிகிறது. அது நெடுநாள் பழுதின்றி ஓடுகிறது. பழுதாகும்போது திறந்து பார்த்தால் ஒன்றும் புரிவதில்லை. ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செத்தால் அதே எண்ணுள்ள இன்னொன்று வேண்டும். அது கிடைத்தாலும் நிறுவனத்தின் கணினி ஒத்துக்கொண்டால்தான் கார் அதை ஏற்கும். இயந்திரம் தேயாமலே, உதிரிப்பாகம் நின்றுபோனதால் கார் இறக்கும் காலம் இது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநில மக்கள் 2012இலும் 2020இலும், பழுது பார்க்கும் தகவலை நிறுவனங்கள் வெளிப்பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று வாக்களித்தது இதனால்தான். கைகள் முற்றாகத் தோற்றுவிட்டன என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் செலாவணி நெருக்கடியால் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய ஹைபிரிட் கார்களை எறிய முடியாமற்போனது. அவற்றின் பற்றரிப் பெட்டியைத் திறந்து, செத்த கலங்களை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும் வேலை நாட்டுப் பட்டறைகளுக்குப் பழகிப்போனது. 1960களில் பிஸ்ரனுக்கு நடந்தது இப்போது பற்றரிக்கு நடக்கிறது. ஆயினும் கடைந்தெடுக்க முடியாத சில்லுக்கு முன்னால் எந்தக் கடைசல்காரரும் நின்றுவிட வேண்டியிருக்கிறது.

பழைய கார்களை இப்படிக் காப்பாற்றியது நல்லதா என்றும் கேட்கலாம். மண்ணெண்ணெய்ப் புகை யாழ்ப்பாணத்து மூச்சுக்கு நல்லதாக இருந்திருக்காது. இருக்கைப் பட்டியில்லாத காரில் பிள்ளைகளை நெருக்கி ஏற்றியது ஆபத்துத்தான். வேறு வழி இருந்திருந்தால் எவரும் இதைத் தேர்ந்திருக்கமாட்டார்கள். வழி பிறந்தபோது தேர்ந்தெடுக்கவும் இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது, ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் வந்தது, அதன் பின்னாலேயே இந்திய முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் யப்பான் வான்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்தபின் 2009இல் திறந்தது. அதன்பின் வாடகைத் தொழில் முச்சக்கர வண்டிகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. எஞ்சிய ஏ40கள் மெருகேற்றப்பட்டு இப்போது கலியாண ஊர்வலங்களுக்குப் போகின்றன. அவற்றின் காபரேற்றருக்குள் பெற்றோல் மட்டுமே இறங்குகிறது.