பாண்டிய நாட்டுக் குதிரைகளின் சாவும் தீனியும்: மார்க்கோ போலோ, வஸ்ஸாப் குறிப்புகளின் மறுவாசிப்பு

முன்னுரை

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையில் ஆண்டுதோறும் குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கின்படி குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் இந்தியத் துறைகள் பலவற்றுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன, அவற்றின் விலை 22 லட்சம் தீனார் என்பதும் அவர் கணக்கு. அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் 100கூடத் தேறுவதில்லை என்றும் எழுதினார். எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் நல்ல குதிரைகளும் விரைவில் நலிந்துபோனதால் ஆண்டுதோறும் புதியவை தேவைப்பட்டன என்று வஸ்ஸாப்பும் சொல்கிறார். ஒருவரை ஒருவர் சாராத இரு சான்றுகள் ஒத்துப்போவதால், இழப்பு பெரிது என்பதை ஏற்றே ஆகவேண்டும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: தட்பவெப்பம், தமிழரின் குதிரை அறியாமை. இரண்டும் முழு விளக்கம் ஆகா. குதிரைக்கு மதிப்பான உணவு எது என்ற எண்ணம், குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் உணவு எது என்ற கேள்வியை மறைத்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகள் காட்டும் தீனி

சோற்றோடு வேகவைத்த இறைச்சி கொடுக்கப்பட்டதாகப் போலோ எழுதுகிறார். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றை வஸ்ஸாப் பட்டியலிடுகிறார். குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்கவைத்து, பிறகு பயிற்சியின்றி ஓட்டினார்கள் என்பதும் அவர் குறிப்பு.

இது வெறும் அறியாமையால் விளைந்த தீனி அன்று. அர்த்தசாஸ்திரத்தின் குதிரைத் தலைவன் அதிகாரம், உயர்ந்த குதிரைக்கு ஊறவைத்த அல்லது வேகவைத்த தானியம், எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர், பால் எல்லாவற்றையும் அளவோடு விதிக்கிறது. போலோவை வியக்கவைத்த இறைச்சிச் சோறு பழைய சாஸ்திர மரபின் தொடர்ச்சியே. ஆனால் அந்த நூல் பசும்புல்லுக்கும் உலர்புல்லுக்கும் தனி அளவு வைத்தது. போலோவும் வஸ்ஸாப்பும் புல்லைக் குறிப்பிடவில்லை. தமக்குப் புதுமையாகப் பட்டதைத்தான் அயலார் எழுதுவர்; ஆகவே புல்லே போடவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. கொழுக்கவைக்கும் தீனியே முதன்மை பெற்றது என்ற அளவில் நிற்பதே முறை.

குதிரையின் வயிறு

குதிரைக்கு மாட்டைப் போல அசைபோடும் வயிறு இல்லை. அதன் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நார்ச்சத்து செரிப்பது பின்குடலில், அங்கு வாழும் நுண்ணுயிர்களால். நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல்லோ அதற்கு ஈடான பசும்புல்லோ வேண்டும். ஒரு வேளைத் தீனியில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் மாவுச்சத்து என்பதே இன்று பாதுகாப்பான எல்லையாகக் கருதப்படுகிறது. சோறாகக் கணக்கிட்டால் அது ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். வேகவைத்த அரிசி, பச்சைத் தானியத்தைவிடச் சிறுகுடலில் எளிதாகச் செரிக்கும். கொள்ளை வேகவைத்துப் போடும் நம் வழக்கமும் சரியானதே. செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் வேகும்போது அழிகின்றன. கேடு அளவிலும், புல்லின் இடத்தைத் தானியம் பிடித்துக்கொள்வதிலும் இருக்கிறது. அளவு மிஞ்சினால் செரிக்காத மாவுச்சத்து பின்குடலில் இறங்கிப் புளித்து அமிலமாகிறது. வயிற்றுவலி நோயும் குளம்பு அழற்சியும் வருகின்றன. வாந்தி எடுக்க முடியாத விலங்குக்கு வயிற்றுவலி உயிரையே வாங்கலாம். குழைந்த தீனியை மெல்லும் வேலை குறைவு. அதனால் உமிழ்நீர் குறைந்து, ஓயாமல் சுரக்கும் அமிலம் இரைப்பையைப் புண்ணாக்குகிறது. வளர்ந்த குதிரைக்குப் பாலின் சர்க்கரையும் எளிதில் செரிக்காது. கடற்பயணத்தில் இளைத்து வந்த குதிரைக்குத் திடீரென இத்தீனியைக் கொடுத்து, அசையவிடாமல் கட்டியும் வைத்தால், நாற்பது நாளில் அது கொழுக்கும்; ஆனால் உறுதி பெறாது.

நல்ல குதிரைகளும் இந்நாட்டில் கால் கோணிய குட்டிகளையே ஈன்றன என்கிறார் போலோ. அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைவிடப் பல மடங்கு அதிகம். இவ்விகிதம் தலைகீழானால் எலும்பு நலியும். போலோவின் செய்தி இதனுடன் பொருந்திப்போகிறது.

மாற்றுக் கருத்துகள்

வெக்கையே காரணம் என்போர், ஈரம் மிகுந்த மணிப்பூரில் சதுப்புநிலப் புல்லை மேய்ந்து தலைமுறை தலைமுறையாக வாழும் மட்டக்குதிரைகளை நினைக்க வேண்டும். வறண்ட நாட்டிலிருந்து வந்த குதிரைக்கு நம் கடற்கரை கடுமையானதுதான். வியர்வையோடு உப்பும் போகும். ஈக்கள் பரப்பும் சுர்ரா போன்ற நோய்களும் கொன்றிருக்கும். ஆனால் குடல் கெட்ட குதிரை வெக்கையையும் நோயையும் தாங்காது. தீனியை முதலில் வைத்து எண்ணுவதற்கு இதுவே காரணம். குதிரை மருத்துவம் அறிந்தோரை வணிகர்கள் இங்கு வரவிடவில்லை என்ற போலோவின் குற்றச்சாட்டையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாகும் குதிரையில்தான் அடுத்த ஆண்டு வணிகம் இருந்தது.

முடிவுரை

பாண்டியர் குதிரையை அலட்சியம் செய்யவில்லை. விருந்தாளிக்குப் படைப்பது போல நெய்யும் பாலும் சோறும் படைத்தார்கள். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது வழிதவறியதையே காட்டுகிறேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஆளறிந்து உணவு சொன்ன மொழி நம்முடையது. அதே அறிவைக் குதிரைக்கும் பொருத்தினால் விதி எளிதாகக் கிடைக்கிறது: முதலில் புல், எப்போதும் தண்ணீரும் உப்பும், உழைப்புக்கு ஏற்ற அளவில் மட்டும் தானியம், எந்த மாற்றமும் பல நாள்களில் படிப்படியாக. இன்றும் தவிட்டையும் ஊறிய கடலையையும் அள்ளிப்போட்டுப் புல்லைக் குறைக்கும் லாயங்களுக்கு இது பொருந்தும். 220 தீனார் கொடுத்து வாங்கிய உயிரைக் காக்கும் முதல் மருந்து, விலை குறைந்த ஒரு கட்டுப் புல்லில் இருந்தது.