அமெரிசியம்

அணு எண் 95 கொண்ட, கதிரியக்கமுள்ள செயற்கைத் தனிமம். 1944இல் சிகாகோவில் சீபோர்க் குழுவினர் உருவாக்கினர். 1945 நவம்பரில், முறையான அறிவிப்புக்கு முன்பே, சிறுவர் வானொலி நிகழ்ச்சியில் ஒரு கேள்விக்கு விடையாக சீபோர்க் புதிய தனிமங்கள் பற்றிச் சொல்லிவிட்டார்!

டொராண்டோ வீடுகளில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவிகள் பலவற்றில் அமெரிசியம்-241 உண்டு. அளவு, ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் ஆல்பா துகள்கள் காற்றை அயனியாக்குவதால் இரு தகடுகளிடையே சிறு மின்னோட்டம் பாயும். புகை நுழைந்தால் ஓட்டம் குறையும்; கருவி அலறும். தாளிக்கும்போதும் அலறுவதால் நம்மவர்கள் சிலர் பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். கதிரியக்கத்தை விட அதுதான் ஆபத்து. ஆல்பா துகளை ஒரு காகிதமே தடுத்துவிடும். கருவியை உடைத்து, உள்ளிருப்பது உடலுக்குள் போனால்தான் கேடு. அரை ஆயுள் 432 ஆண்டுகள். கருவியையோ 10 ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். சமையலறைப் பக்கம், ஒளிக்கற்றையால் புகையை அறியும் வகையைப் பொருத்தினால் வீண் அலறல் குறையும்.