திண்ணையும் மக்தபும்: திருச்சிராப்பள்ளியின் தொடக்கக் கல்வி மரபு

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் எல்லா மாவட்டங்களிலும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். அதற்குத் திருச்சிராப்பள்ளி ஆட்சியர் 1823இல் அனுப்பிய விடை, நம் பகுதியின் கல்வி வரலாற்றுக்குக் கிடைத்த அரிய ஆவணமாகும். அறிஞர் தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்பில் அதனைக் காண்கிறோம். மாவட்டத்தில் 790 பள்ளிகள் இருந்தன. பிள்ளைகள் பொதுவாக 7 வயது முதல் 15 வயது வரை பயின்றனர். முஸ்லிம் மாணவர் 690 பேர். மாணவியர் 56 பேர்.

தலைகளை எண்ணிய அந்த அறிக்கை, பிள்ளைகளின் உள்ளம் எவ்வாறு பண்படுத்தப்பட்டது என்பதைக் கூறவில்லை. அதனை அறியத் திண்ணைப் பள்ளியின் நடைமுறையை நோக்க வேண்டும். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர் ஓலைக்கு மாறியது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்தது. ஆதலால் எழுத்தும் அறமும் ஒருசேர மனத்தில் பதிந்தன. நம் மக்தபுகளிலும் இதே நிலைதான். அலிஃப், பே தொடங்கிச் சிறு சூராக்களை ஓதிய பிள்ளை, ஸலாம் கூறுவதையும் உளூச் செய்வதையும் பெரியோரிடம் பேசும் அதபையும் உடன் கற்றது. தஃலீம், தர்பிய்யத் என்னும் இரண்டும் ஒரே பாயில் நிகழ்ந்தன எனலாம்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, குழந்தையின் உள்ளத்தை இன்னும் செதுக்கப்படாத மாணிக்கத்துக்கு ஒப்பிட்டார். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை விளையாட விட வேண்டும் என்றும், ஓயாத பாடம் அதன் உள்ளத்தை மரத்துப்போகச் செய்யும் என்றும் எச்சரித்தார். ஆன்மீகப் பயிற்சி என்பது மனனச் சுமை அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை நடத்தும் மலிவான வழியாக அது அங்கே பரவியது. அதே இங்கிலாந்து 1988இல் மாணவரின் ஆன்மீக, ஒழுக்க, பண்பாட்டு வளர்ச்சியைப் பாடத்திட்டத்தின் கடமையாகச் சட்டத்தில் எழுதியது. 1992இல் சமூக வளர்ச்சியையும் சேர்த்து, பள்ளி ஆய்வாளர் இவற்றை நோக்க வேண்டும் என்றது.

பழைய முறை குறையற்றது என்று நாம் வாதிடவில்லை. திண்ணையில் பிரம்பு ஓங்கியிருந்தது. பல சமூகத்தாருக்கு அங்கே இடமில்லை. 690 ஆண்பிள்ளைகளுக்கு 56 பெண்பிள்ளைகள் என்னும் கணக்கு நம் சமுதாயத்துக்கும் பெருமை தருவதன்று. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பிரம்பை விலக்கியது. அச்சமற்ற சூழலையும் முழுமையான வளர்ச்சியையும் வற்புறுத்தியது. ஆயினும் ஒழுக்கம் மக்தபின் வேலை என்று பள்ளியும், உலக அறிவு பள்ளியின் வேலை என்று மக்தபும் ஒதுங்கும் இடங்களில் பிள்ளை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இவ்விடைவெளியை நிரப்பத் திருச்சியிலேயே வளம் உண்டு. நகரில் நத்ஹர் வலியின் தர்கா பல சமயத்தாரும் வரும் இடமாக விளங்குகிறது. காவிரிக்கு அப்பால் திருவரங்கக் கோயிலில், அரங்கன்மீது அன்பு கொண்ட முஸ்லிம் இளவரசியாகக் கருதப்படும் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு. ரொட்டி படைக்கும் மரபும் உண்டு. நம்பிக்கையில் நாம் அதனோடு உடன்பட வேண்டியதில்லை. ஆயினும் அண்டை வீட்டார் நம்மை எவ்வாறு நினைவில் வைத்துள்ளனர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அக்கரைப் பிள்ளைகளும் நத்ஹர் வலியை அறிய வேண்டும். சமூகப் பண்பு இத்தகைய அறிமுகத்தில்தான் முளைக்கிறது.

முதற்படியாக, ஓதிக்கொடுக்கும் ஆலிமும் பள்ளி ஆசிரியரும் தம் பொதுவான மாணவரைப் பற்றி ஆண்டுக்கு இருமுறையேனும் அமர்ந்து பேசும் வழக்கத்தை ஜமாஅத்துகள் தொடங்கலாம். செலவில்லாத ஏற்பாடு இது. ஒரு பிள்ளை எத்தனை பக்கம் ஓதியது என்பதோடு, உடன் பயிலும் பிள்ளையிடம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும் அங்கே பேசப்படட்டும்.